நனைக்காத வெள்ளம்

அக்னி நட்சத்திரம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தண்ணீர் லாரி வருமென்று குடங்களை வரிசை போட்டுவிட்டு, லாரி வராததால் டிரைவரையும் அவன் முதலாளியையும் அந்த முதலாளிக்குக் காண்ட்ராக்ட் கொடுத்தவர்களையும் வைதுகொண்டு நாங்கள் தெருமுனையில் நின்றிருந்தபோது, குபேரலட்சுமி நகருக்கு வெள்ளம் வந்தது. மழை இல்லை, சத்தம் இல்லை, ஈரம் இல்லை. முதலில் காலிக் குடங்கள் தரையை விட்டு எழும்பின. பிறகு வாசல்களிலிருந்து செருப்புகள் கிளம்பின, அவற்றின் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளும் காலி சிலிண்டர்களும், யாரோ சுவருக்கு அப்பால் அடித்துத் தொலைத்த ஒரு கிரிக்கெட் பந்தும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பரப்பின்மேல் ஆடி அசைந்து தெருவில் மிதந்து வந்தன. மூச்சு முட்டவில்லை. அடுப்பு அணையவில்லை. நடந்தால் மட்டும் வேட்டியும் சேலையும் பின்னுக்கு இழுத்தன, உடம்பு பாதி எடைக்குக் குறைந்து கால் தரையில் நிற்பேனா என்றது.

எங்களில் யாரும் வாயைப் பிளக்கவில்லை என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். "கொடமெல்லாம் போகுது, புடிங்கடி!" என்பதுதான் அன்று எழுந்த முதல் குரல். சித்திரையில் குடிக்கத் தண்ணீர் இல்லாமலும் கார்த்திகையில் கட்டிலுக்குக் கீழே தண்ணீரோடும் பழகிய ஜனங்கள் நாங்கள். இரண்டும் ஒரே நாளில் வந்ததை ஒரு சௌகரியமாகக்கூடச் சிலர் எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் நகர் நாரைவாக்கம் ஏரியின் உள்வாயில் போட்ட மனைப்பிரிவு. ஏரி வற்றிக் கிடந்த காலத்தில் வந்து வாங்கினோம், வற்றியது செத்தது என்று எண்ணிக்கொண்டோம். ஆனால் ஏரி என்பது தண்ணீர் மட்டுமல்ல போலிருக்கிறது. அதற்கென்று ஓர் உயரம் இருக்கிறது, தண்ணீர் வராத வருஷங்களிலும் அந்த உயரம் அங்கேயே காத்திருக்கிறது, காத்திருந்து அலுத்துப்போய் அந்தச் செவ்வாய்க்கிழமை தனியாகவே வந்துவிட்டது. அந்த உயரத்தை நாங்கள் கோடு என்றோம். கோடு நகர் முழுக்க ஒரே மட்டத்தில்தான் நின்றது, தரைதான் ஏமாற்றியது. முதல் தெருவில் நின்றால் கோடு முழங்காலுக்கு வந்தது, மூன்றாம் தெருவில் இடுப்புக்கு, கடைசித் தெருவின் கடைசி வீட்டில் கழுத்துக்கு. எல்லா மனையும் ஒரே சமதளம் என்று சத்தியம் பண்ணி விற்ற புரமோட்டரின் போன் அன்றிலிருந்து ஸ்விட்ச் ஆஃப்.

ஆகவே வாழப் பழகினோம். பேப்பர் போடுகிறவர் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு, மேற்கு முனையில் நின்று பேப்பர்களை ஒவ்வொன்றாக மிதக்கவிட்டார், கிழக்கு நோக்கிய இழுப்பில் அவை தெருத்தெருவாக வர, காப்பியோடு வாசலில் நின்றவர்கள் அவரவருக்கானதை எடுத்துக்கொண்டார்கள், ஓசியில் படிப்பவர்கள் அடுத்த வீட்டுக்காரருடையதை எடுத்துப் படித்துவிட்டு மறுபடி விட்டார்கள். ஆட்டோக்காரர்கள் எதிர்நீச்சலுக்குத் தனி ரேட் சொன்னார்கள். கட்டில் கால்களைத் தரையில் ஆணி வைத்துக் கட்டினோம், குழந்தைகளை ஜன்னல் கம்பியில் பழைய சேலையால் கட்டினோம், சாம்பார்க் கிண்ணத்தை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறுகையால் சாப்பிடக் கற்றோம். மூட்டுவலிக்காரர்களுக்குத்தான் யோகம்: வருஷக்கணக்கில் படியிறங்காதவர்கள் எல்லாம் இடுப்பளவு தெருக்களில் மயில் மாதிரி நடந்தார்கள், பக்கத்து ஊர்களிலிருந்துகூட ஆட்கள் வேனில் வந்து நடந்துவிட்டுப் போனார்கள். வாடகை போர்டுகளில் 'முழங்கால் கோடு, சைவம் மட்டும்' என்று எழுதினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் நகைக்கு முன்னால் கோட்டை விசாரித்தார்கள். கழுத்துக் கோட்டு வீட்டில் முழங்கால் கோட்டு வீட்டார் சம்பந்தம் வைப்பதில்லை என்று இரண்டே மாதத்தில் ஒரு ஜாதி புதிதாக முளைத்துவிட்டது, அதற்கு மட்டும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேரூராட்சியிலிருந்து இளநிலைப் பொறியாளர் செல்வின் வந்தார். ஒல்லியான மனுஷன். ஜீப்பிலிருந்து காலை வைத்ததும் அப்படியே மிதந்துவிட்டார், பெல்ட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினோம். அதன்பிறகு எப்போது வந்தாலும் தோள்பையில் இரண்டு செங்கல்லோடுதான் வந்தார்.

"ஏதாவது நனைஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

"நனையல சார். மிதக்குது."

"நனைஞ்சாத்தான் வெள்ளம். நனையலைன்னா நிவாரணத்துக்கு எழுத முடியாது. இதுல என் தப்பு ஒண்ணும் இல்லை," என்று சொல்லி, உண்மையாகவே வருத்தப்பட்டு, எங்கள் கோடுகளை எல்லாம் சாக்பீஸால் சுவர்களில் குறித்துவிட்டுப் போனார்.

கடைசித் தெருவின் கடைசி வீடு மங்களேஸ்வரியுடையது. முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரி, எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை, புருஷன் பூமிநாதன் கார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் ஷிஃப்ட். தர்ஷினி என்று ஒரு சின்னப் பெண். தண்ணீருக்காக ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்பச் சூரியன் உச்சிக்கு வந்துவிடும் ஊரில் பிறந்தவள் அவள். மனை பார்க்க வந்த அன்று புரமோட்டரின் ஆள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஒரு குழி தோண்டிக் காட்டினான். பத்தடியில் தண்ணீர் கண்டது, அதுவும் மே மாதத்தில். அள்ளி வாயில் வைத்தாள், இனித்தது, அழுதுவிட்டாள். வேறு மனை பார்க்கவில்லை, ரோடு எங்கே, பள்ளம் எங்கே என்று கேட்கவில்லை. மே மாதத்தில் பத்தடியில் தண்ணீர் ஊறும் இடம் எதற்குச் சொந்தமான இடம் என்று அவள் ஊர் மாட்டுக்காரனுக்குக்கூடத் தெரியும், அவளுக்கும் தெரியும், ஆனால் தாகத்தில் வளர்ந்தவளுக்கு அன்று தெரிந்தது தெரியாமல் போயிற்று. மனையின் பின்பக்கம் வரிசையாக வெட்டிய கருங்கற்கள் மண்ணுக்குள் கிடந்தன. யாரோ நமக்காக அஸ்திவாரம் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டு, அந்தக் கற்களின்மேலேயே பின்சுவரை எழுப்பினாள்.

அந்தப் பின்சுவருக்குத்தான் நகரில் மிதந்த எல்லாமும் போய்ச் சேர்ந்தன. கிழக்கு நோக்கிய இழுப்பு எங்கள் ஒற்றைச் செருப்புகளையும் தட்டு முறங்களையும் துவைத்துக் கொடியில் போட்ட உள்பாவாடைகளையும் பரீட்சைக் கேள்வித்தாள்களையும் அவள் வீட்டு முன்வாசல் வழியாக உள்ளே கொண்டுபோய், அடுப்படியைத் தாண்டிப் பின்சுவரில் ஒட்டி வைத்தது. கம்பெனியிலிருந்து வந்ததும் அவள் எல்லாவற்றையும் பிரித்து வைப்பாள். நாங்கள் போவோம். "அண்ணே, ஒங்க செருப்புல வாரு அந்துருக்கு, தச்சு வச்சுருக்கேன்," என்பாள். "மதினி, இந்தப் பாவாட ஒங்களுதுதானே, கூசாம எடுத்துக்கிட்டுப் போங்க." அந்த நாட்களில் நகரில் எல்லோரும் தினம் ஒருமுறை போய் வந்த வீடு அது ஒன்றுதான். கழுத்துக் கோட்டு வீடு என்று சம்பந்தத்துக்கு ஒதுக்கியவர்களும் செருப்புக்குப் போனார்கள்.

முதல் தெருவில் தணிகைவேலன் இருந்தார். சிமெண்ட், கம்பி, பெயிண்ட் விற்கும் ஹார்டுவேர்ஸ் கடைக்காரர், நகரின் முதல் வீடு அவருடையது, சங்கத்துக்குத் தலைவரும் அவரே. நல்லவர்தான், கோவில் உண்டியலுக்கும் கல்யாணத்துக்கும் தாராளமாகக் கொடுப்பார், தனக்குக் கீழே ஒருவர் நிற்கும்வரை அவரைப்போல் தங்கமானவர் கிடையாது. முழங்கால் கோடு அவருக்கு அவமானமாக இருந்தது. ஆட்களை வரவழைத்து வீட்டுக்கு அடியில் ஜாக்கிகளை வரிசையாகக் கொடுத்து, சமையலறையில் பால் பொங்காமல் அப்படியே வீட்டைத் தூக்கினார். தூக்கிய இடைவெளியில் டிப்பர் டிப்பராகக் கிராவல் மண்ணைக் கொட்டி, சுற்றிலும் கல் கட்டி, வாசலுக்குப் படிகள் வைத்தார். கோடு அவர் வீட்டுப் படிகளோடு நின்றுவிட்டது. போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு, மிதக்காத நாற்காலியில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் நகரில் எல்லா வீடுகளிலும் கோடு இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. நிறைந்த அண்டாவுக்குள் ஆள் இறங்கினால் என்ன ஆகும் என்பது தெரிந்த கதை. ஆனால் அண்டாவுக்குள் இருக்கிற நாங்கள் அதற்கு ஒரே ஒரு வைத்தியம்தான் கண்டோம். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று சொல்லிக்கொண்டு, இரண்டாவது வீட்டுக்காரர் மண் கொட்டினார், அதனால் கோடு ஏற மூன்றாவது வீட்டுக்காரர் இன்னும் உயரமாகக் கொட்டினார், அதனால் இரண்டாவது வீட்டுக்காரர் மறுபடி ஜாக்கிக்காரர்களைக் கூப்பிட்டார். மண்ணும் தணிகைவேலன்தான் சப்ளை செய்தார். அவர் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை அவருக்கு இருந்தது, நகரிலேயே கோடு எட்டிப் பார்க்காத ஒரே இயற்கை மேடு, அங்கே மலை மலையாகக் கிராவல் குவித்து வைத்தார். ஆனி போய் ஆவணி வருவதற்குள் எங்கள் தெருக்கள் இரண்டு பக்கமும் மண்மேடுகளுக்கு நடுவே ஓடைகள் ஆயின. ஆளாளுக்கு ஒரு தீவு, தீவிலிருந்து தீவுக்குப் போக நீச்சல்.

மண் கொட்ட வசதியில்லாதது கடைசி வீடு ஒன்றுதான். கழுத்துக்கு இருந்த கோடு அங்கே வாய்க்கு வந்தது, நெற்றிக்கு வந்தது, தலைக்கு மேலே போயிற்று. மூச்சு முட்டாது என்றாலும், தலைக்கு மேல் ஏறிய ஒன்றின் அடியில் சோறு பொங்கித் தின்று தூங்கி எழுவது எப்படி இருக்கும் என்பதை நாங்கள் அவளிடம் கேட்கவில்லை. தர்ஷினி தூக்கத்தில் கட்டு அவிழ்ந்து மின்விசிறியோடு போய் ஒட்டிக்கொண்டு, விழித்து, வீறிட்டு அழுத சத்தம் நகர் முழுக்கக் கேட்டது. மறுநாள் மங்களேஸ்வரி எங்கள் செருப்புகளை வழக்கம்போல் பிரித்து வைத்திருந்தாள். எனக்கு என் செருப்பை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்சுவரில் ஒட்டியிருந்த குப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தவள், சுவருக்கு அடியில் அந்த வெட்டுக்கற்களைக் கையால் தடவினாள். கல்லுக்குக் கல் ஒரு முழம் இடைவெளி, ஒவ்வொன்றும் நெஞ்சு நிமிர்த்தி ஒரே உயரத்தில். அவள் ஊர்க் கண்மாயில் இப்படி இருக்கும். அவள் ஊரில் அதற்குக் கலுங்கு என்று பெயர், இந்தப் பக்கம் கலங்கல் என்பார்கள். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அந்தக் கற்களின் மேலேறி மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அவள் பிறந்து வளர்ந்த காலத்தில் ஒரே ஒரு தடவை போயிற்று. அன்று ஊர்ப் பெண்கள் எல்லாம் கலுங்கில் பூப்போட்டுக் குலவையிட்டார்கள், கீழ் ஊர்க்காரர்கள் மேளத்தோடு வந்து தண்ணீரை எதிர்கொண்டு அழைத்துப் போனார்கள். அவள் அப்போது அம்மாவின் இடுப்பில் இருந்தாள். அதைவிடச் சந்தோஷமான ஒன்றை அவள் பிறகு பார்த்ததில்லை.

"ஏங்க," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "நாம கலுங்க அடச்சுப் படுத்துருக்கோம்."

பூமிநாதன் வந்து பார்த்தான், கல்லைத் தட்டிப் பார்த்தான். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு," என்றான் கடைசியில். "நமக்கு வேற என்ன இருக்கு?"

அவளும் இருக்கத்தான் பார்த்தாள். அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் அவள் ஓவர்டைம் பார்த்த ஒவ்வொரு சட்டைக் காலர். பஞ்சம் பிழைக்க மூன்று ஊர் மாறிய குடும்பத்தில் பிறந்தவள், இனி எந்த ஊருக்கும் மூட்டை தூக்குவதில்லை என்று கிரகப்பிரவேசத்தன்று பால் காய்ச்சியபோது மனதுக்குள் சொல்லிக்கொண்டவள். ஆனால் சாயங்காலம் நாங்கள் செருப்புக்கு வந்து நின்றபோது, எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். வெட்கத்தில்தான். தண்ணீர் போகிற வழியை மறித்தவள் என்ற பெயர் அவள் ஊரில் கொலைக்குச் சமானம்.

நாங்கள் உச்சுக் கொட்டினோம், ஆறுதல் சொன்னோம், வீட்டுக்கு வருவதற்குள் கணக்குப் போட்டுவிட்டோம். "அவளே ஒத்துக்கிட்டா," என்ற செய்தி அவரவர் செருப்போடு அவரவர் தீவுக்கு வந்து சேர்ந்தது.

செல்வின் புரட்டாசியில் வந்தார், இம்முறை மூன்று செங்கற்களோடு, ஏனென்றால் கவலையில் இன்னும் மெலிந்திருந்தார். "இப்பவே ஏரி ஃபுல்லா இருக்கு," என்றார். "ஐப்பசியில நெசத் தண்ணி வரும். அது எங்க போகும்? இதுக்கு மேலதான் நிக்கும். இந்தத் தண்ணி மூச்சு விட விடுது, அந்தத் தண்ணி விடாது. உங்க நகருக்குன்னு தனியா ஒரு கட்டட விதி போடச் சொல்லி மேலிடத்துல கேட்டு வாங்கிட்டேன். ஆனா ஒருத்தர் ஆட்சேபிச்சாலும் கோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கிடுவாங்க. எல்லாரும் கை தூக்கினாத்தான் நிக்கும்."

தணிகைவேலனின் மாப்பிள்ளை வக்கீல் என்பதால் எல்லோரும் போர்ட்டிகோவைப் பார்த்தோம்.

கூட்டம் அவர் வீட்டு வாசலிலேயே, ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. தெருவில் ஜமுக்காளம் விரித்து, ஓரங்களில் கல் வைத்தோம். எங்கள் மண்மேடுகளின் புண்ணியத்தில் முதல் தெருவிலேயே கோடு மார்புக்கு வந்திருந்தது, உட்கார்ந்தால் தலைக்கு மேல் ஒரு முழம். மிதந்து போகாமலிருக்க ஆளுக்கு ஒரு செங்கல்லை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தோம். தணிகைவேலன் மேலே, போர்ட்டிகோவில், நாற்காலியில் இருந்தார். அவர் மனைவி விசாலம் மட்டும் கீழே இறங்கிவந்து பெண்களோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளம் வந்ததிலிருந்து மூட்டுவலி விட்டுப்போன அந்த அம்மாவை வீட்டில் பிடித்துவைக்க முடிவதில்லை.

செல்வின் எழுந்து முதல் விதியைப் படித்தார்: நீர் வெளியேறும் வழியை மறிக்கும் கட்டடம் எதுவாயினும் அகற்றப்பட வேண்டும்.

"ஒரே ஒரு வீடு," என்றார் தணிகைவேலன் மேலிருந்து. "அத எடுத்துட்டா மொத்த நகரும் பொழைச்சிக்கும். நான் ஈவு இரக்கம் இல்லாதவன் இல்லம்மா. கவர்மெண்டுல மாற்றுக் குடியிருப்பு குடுக்கறாங்க. என்ன சார்?"

"குடுப்போம்," என்றார் செல்வின். "மூணாவது மாடி."

மங்களேஸ்வரி செங்கல்லை அணைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். "அங்க கோடு எங்க இருக்கு சார்?" என்று கேட்டாள்.

"மாடிதாம்மா, பயமில்லை."

"மாடிய கேக்கல சார். எடத்தக் கேட்டேன்."

செல்வின் கையிலிருந்த காகிதத்தின்மேல் குனிந்தார். போன மழைக்கு அந்தக் குடியிருப்புக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் படகில் போனவர் அவர்.

"சரி, ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க," என்றார் குனிந்துகொண்டே.

செங்கல்லிலிருந்து ஒரு கையை எடுத்தோம். எடுத்த கை தானாகவே மேலே போயிற்று. தூக்கினோமா, மிதந்ததா என்று யாராவது கேட்டால் மிதந்தது என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு வசதியாக இருந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள், அன்று ஊரான் வீடே எங்கள் கையில். போர்ட்டிகோவிலிருந்தும் ஒரு கை உயர்ந்தது. மங்களேஸ்வரியின் இரண்டு கைகளும் செங்கல்மேல் இருந்தன. பூமிநாதன் அவளைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அவள் தன் மடியைப் பார்த்தாள், அந்தச் செங்கல் அவள் வீட்டு வேலைக்கு வந்து மிஞ்சிய கல். பிறகு வலதுகையை எடுத்தாள். தன் வீட்டை இடிக்கச் சொல்லும் கூட்டத்தில் அவள் கை எங்கள் கைகளோடு சேர்ந்து உயரே போய், விரல்கள் விரிந்து, அசையாமல் நின்றது. பூமிநாதன் முகத்தைப் பொத்திக்கொண்டான். எங்களில் ஒருவர்கூட அவளை நேராகப் பார்க்கவில்லை.

"எழுதிக்கங்க சார்," என்றாள். கையை இறக்கவில்லை. "நான் வழிய விட்டுர்றேன். இன்னொண்ணும் எழுதுங்க. கொட்டுன மண்ணக் கொட்டுனவுகளே அள்ளணும். வீடு ஒசரணும்னா தூண் மேல ஒசரட்டும், அடியில தண்ணி போகட்டும். மண்ணுல ஒசந்தா அடுத்த வீடு முங்குது, அத நான் பாத்துட்டேன். அப்புறம் எங்களுக்கு ஒரு மனை வேணும், இந்த மேட்டுல." இன்னொரு கை செங்கல்லை அழுத்தியிருந்ததால் முகவாயால் தணிகைவேலனின் கிராவல் மலைகளைக் காட்டினாள். "சும்மா வேணாம். மனைக்கு மனை. என் மனைய ஏரிக்குக் குடுக்கிறேன். ஏரி எல்லாருக்கும் பொது, அதுனால மேட்டுக்காரருக்கு எல்லாருமாச் சேந்து ஈடு கட்டுங்க. நான் மட்டும் எந்திரிச்சுப் போனா அது விதி இல்ல சார். அது வெரட்டுறது."

"இதுக்கெல்லாம் விதியில எடம் இருக்கா?" என்றார் தணிகைவேலன்.

"இல்லை," என்றார் செல்வின். பையிலிருந்து ஒரு செங்கல் நழுவி விழுந்து, அவர் கொஞ்சம் மேலே எழும்பி, போர்ட்டிகோப் படியைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் ஒத்துக்கிட்டா எடம் வந்துடும்."

அவர் அதை எழுதி, படித்து, கை தூக்கச் சொன்னார். அப்போது பார்க்க வேண்டும் எங்களை. சற்று முன்னால் தானாக மிதந்த கைகள் எல்லாம் இப்போது செங்கல்லுக்கு அடியில் இருந்தன. மேலே வைத்தால் நழுவிவிடும் என்ற பயத்தில் மடிக்கும் கல்லுக்கும் நடுவே செருகி, கல்லை இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டு, ஜமுக்காளத்தின் பூவேலையை எண்ணிக்கொண்டிருந்தோம். எவ்வளவு ஜாக்கி, எவ்வளவு லாரி, எவ்வளவு பாடு. வெயில் ஏறிற்று. செல்வின் நேரம் ஆகிறது என்று சொல்லவில்லை. மங்களேஸ்வரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்வரிசையில் அவள் கை ஒன்று மட்டும், முதல் விதிக்கு உயர்ந்த அதே கை, இன்னும் மேலேயே நின்றது. எங்கள் கைகள் கல்லுக்கடியில் மரத்துப்போக ஆரம்பித்தன.

முதலில் கையை உருவியவர் விசாலம். மேலே இருந்த புருஷனை அவர் பார்க்கவில்லை. "எம் மூட்டுவலி திரும்ப வந்தா வரட்டும்," என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னார். அந்தக் கை மேலே போனதைப் பார்த்து இரண்டாம் தெருப் பெண் ஒருத்தி, அப்புறம் அவள் மாமியார், அப்புறம் எதிர்வரிசையில் பேப்பர் போடுகிறவர். ஒவ்வொரு கை வெளியே வரும்போதும் செங்கல் மடியில் இடம் மாறும் சத்தம் கேட்டது. நான் என் கையை உருவியபோது அது சிவந்து போயிருந்தது. கடைசியில் ஜமுக்காளத்தில் கை செருகியவர்கள் யாரும் இல்லை. தலைக்கு மேலே, அந்தத் தெரியாத பரப்பின் அடியில், கைகளாக நின்றன.

மேலே ஒருவர் மட்டும் மிச்சம். அவர் இருந்த உயரத்தில் எதுவும் தானாக மிதக்காது, அங்கே கை தூக்க வேண்டுமானால் தூக்கத்தான் வேண்டும். தணிகைவேலன் தன் கையைப் பார்த்தார், கிராவல் மலைகளைப் பார்த்தார், மனைவியின் கையைப் பார்த்தார், கீழே ஓர் இடம்கூட மிச்சமில்லாமல் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மாப்பிள்ளைக்குப் போன் போடப் போகிறார் என்றுதான் நினைத்தோம். போனை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார்.

படியிறங்கினார். முதல் படி, இரண்டாவது படி, மூன்றாவதில் வேட்டி உப்பிக்கொண்டு எழும்பிற்று, கூச்சத்தோடு அதை அமுக்கினார். தெருவுக்கு வந்ததும் கனத்த மனிதர் லேசாகி, நிலைகுலைந்து, பூமிநாதனின் தோளைப் பிடித்துக்கொண்டார். பூமிநாதன் அவரை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தான். பின்வரிசையிலிருந்து ஒரு செங்கல் கைமாறிக் கைமாறி வந்தது. அதை அவர் மடியில் வாங்கி வைத்து, எங்களைப் போலவே இரண்டு கைகளையும் அதன் அடியில் செருகிக்கொண்டார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

பிறகு வலதுகையைக் கல்லுக்கு அடியிலிருந்து உருவினார்.